அண்ணியின் இடது பக்கம்

சோதனைச் சாவடியின் தகர மறைப்புக்குள், அந்தப் போலீஸ்காரப் பெண்ணின் கை அண்ணியின் இடது மார்பில் பட்டதும் அப்படியே நின்றது. இன்னொருமுறை அழுத்திப் பார்த்தாள். முகம் வெளிறிப் பின்னால் நகர்ந்து, வெளியே நின்ற ஆமிக்காரர்களைக் கூப்பிட்டாள். யுத்தத்தின் கடைசிக் காலம் அது. பெண்கள் உடம்பில் குண்டு கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்ற பயம் எங்கும் இருந்தது. ஒரு தமிழ்ப் பெண்ணின் மார்பு கல் மாதிரி இருந்தால் அந்தப் பிள்ளை வேறு என்னதான் நினைப்பாள்? அண்ணிக்குப் பின்னால் நின்ற நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அண்ணி என் அண்ணனின் மனைவி. மாத்தளை டவுனில் எங்கள் புடவைக் கடையை நடத்தியது அவர்தான். அண்ணன் பெயருக்குத்தான் முதலாளி. கடையில் பொம்மை கிடையாது. கலியாணப் புடவை எடுக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு, அண்ணியே தன் தோளில் போட்டு, மடிப்பு வைத்து, ஒரு சுற்றுத் திரும்பிக் காட்டுவார். அவர் உடுத்திக் காட்டிய புடவையை வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனவர்கள் குறைவு. அதனால்தான், புற்றுநோய் வந்து இடது மார்பை எடுக்கவேண்டி வந்தபோது, அந்த இடத்தில் சிலிக்கன் பை வைத்துத் தைக்கலாம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் யாரையும் கேட்காமலே சரி என்றுவிட்டார்.

கொஞ்ச காலம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு கரண்ட் பிடித்த இடம் இறுகத் தொடங்கியது. கதிர்ச் சிகிச்சையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். உள்ளே இருக்கும் பையைச் சுற்றி உடம்பே ஒரு தோலைக் கட்டி அதை நெரிக்கிறது என்றார் டாக்டர். மார்பு மேலே ஏறிக் கோணிக்கொண்டது. கையைத் தூக்கினால் வலி. முந்தானை நழுவி நழுவி விழுந்தது. அண்ணி புடவை உடுத்திக் காட்டுவதை நிறுத்திவிட்டார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பையை எடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடலாம். இல்லையென்றால் இறுகிய தோலை வெட்டியெடுத்து வேறு பை வைக்கலாம். ஆனால் கரண்ட் பிடித்த உடம்பு, புண் ஆறாமல் சீழ் பிடித்தால் அதையும் எடுக்கவேண்டி வரும். டாக்டர் எதையும் மறைக்கவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் எடுத்துவிடச் சொன்னார்கள். "இந்த வயசுல யாருக்குக் காட்டப்போற?" என்று அண்ணன் கேட்டார்.

"எனக்குத்தாங்க. தெனம் கண்ணாடியில பாக்குறது நான்தானே" என்றார் அண்ணி.

வேறு பை வைக்கும் அந்த ஆபரேஷனுக்குத்தான் அன்று கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தோம். பகலுக்குள் வார்டில் சேராவிட்டால் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். மறைப்புக்குள் வந்த ஆமிக்காரர்களின் துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. அண்ணி கைகளைத் தூக்கினார். இடது கை பாதிதான் ஏறியது. அப்படியே நின்று சிங்களத்தில் நிதானமாகச் சொன்னார்: பயப்படாதே தங்கச்சி, இது புற்றுநோய்க்குச் செய்த ஆபரேஷன், ஆம்பிளைகளை வெளியே போகச் சொல், காட்டுகிறேன். அவர்கள் விலகியதும் ரவிக்கைக் கொக்கிகளைத் தானே அவிழ்த்துத் தழும்பைக் காட்டினார். பார்த்ததும் அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

விசாரித்து விடுவதற்குள் எங்கள் பஸ், துணிப் பையை ரோட்டோரம் இறக்கி வைத்துவிட்டுப் போயிருந்தது. "போதும், திரும்பி வந்துருங்க" என்று அண்ணன் போனில் கத்தினார். நானும் அதையேதான் சொன்னேன்.

"தெரியக்கூடாதுன்னு நெனச்சதையே காட்டியாச்சு. இனி எனக்கு என்னடி பயம்? நட!" என்று சொல்லிவிட்டு, கொழும்புக்குப் போன ஒரு மரக்கறி லொறியைக் கைகாட்டி நிறுத்தினார். மிச்ச வழியில் இருந்த சாவடிகளில் யாரும் தொடுமுன்பே, "எடது பக்கம் கெட்டியா இருக்கும், ஆபரேஷன் செஞ்சது, கை வச்சுப் பாரு" என்று சிங்களத்தில் அறிவித்தார். வரிசை முழுக்கக் கேட்டது. நான் கூச்சத்தில் நெளிந்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

ஆபரேஷன் முடிந்தும் நிம்மதி இல்லை. காய்ச்சல் வந்து, தையல் போட்ட இடம் சிவந்து, இதுவும் போய்விட்டது என்றே நினைத்தோம். மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணி என் கையைப் பிடித்து, "போனா போகட்டும். செஞ்சு பாக்காம விட்டுட்டேன்னு மட்டும் இருக்கக்கூடாது" என்றார். போகவில்லை. மெல்ல மெல்ல ஆறியது. முன்பு இருந்ததைவிடச் சின்னதாக, ஆனால் மெத்தென்று, இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இன்று அந்த ரோட்டில் சாவடி இல்லை. பஸ் நிற்காமல் போகிறது, எல்லோரும் தூங்குகிறார்கள். எனக்கு மட்டும் சாவடி இருந்த அந்த வளைவு வந்தால் உடம்பு தானாக நிமிர்ந்துகொள்கிறது. கூடவே சிரிப்பும் வருகிறது. புண் ஆறிய பிறகு, யுத்தம் முடியுமுன் டாக்டரிடம் காட்டப் போன ஒரு பயணத்தில், அதே தகர மறைப்புக்குள், பழக்கத்தில் அண்ணி, "ஆபரேஷன் செஞ்ச ஒடம்பு, கை வச்சுப் பாரு" என்று ஆரம்பித்தார். அங்கே நின்றது வேறொரு பெண். இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள். பிறகு குழம்பிப்போய், "எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயே சொல்லேன், பாப்போம்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸை நோக்கி நடந்தார்.