ஒரு பிடி மண்ணில் பரவிய நோய்

எங்கள் பக்கத்தில் ஊசியிலை மரங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவற்றைத் தாக்கும் வேரழுகல் நோயொன்று வெளியிலிருந்து வந்திருக்கிறது, ஆபத்து எவ்வளவென்று பார்த்து வா என்று விவசாயக் கந்தோரில் என்னை நெடுங்கேணிக்கு அனுப்பியபோது எரிச்சல்தான் வந்தது. நெல்லுக்கு வரும் நோயைப் பார்க்கவே இங்கே ஆளில்லை.

அங்கே நான் பார்க்கப் போன அம்மாவின் முற்றத்தில் நின்றது கிறிஸ்மஸ் மரம் என்று நாங்கள் சொல்கிற ஒன்று. மலைநாட்டுப் பூங்கன்று கொண்டுவரும் லொறியில் வாங்கினாராம். யுத்தத்தின் கடைசியில் காணாமல்போன மகனுக்காக நட்டிருந்தார். செத்தான் என்று ஒப்புக்கொள்ளாததால் திவசம் செய்வதில்லை. பிறந்தநாளுக்கு மரத்துக்குத் தண்ணீர் வார்ப்பார். பிள்ளைகளைத் தொலைத்த பக்கத்து வீட்டு அம்மாக்கள் இருவரும் அப்படியே நட்டிருந்தார்கள். பிறந்தநாள் வரும் பிள்ளையின் மரத்தடியில் ஒரு பிடி மண் எடுத்து மற்ற மரங்களுக்கும் போடுவார்களாம்.

"தனிய நிக்காமல் எல்லாப் பிள்ளையளும் சேர்ந்து இருக்கட்டும் எண்டுதான்," என்றார்.

வேரை அழுகவைக்கும் இந்தப் பங்கசு, அதாவது பூஞ்சை, மண்ணோடுதான் போகும். அவருடைய மரம் உச்சிவரை காய்ந்திருந்தது. மற்ற இரண்டும் இன்னும் பச்சை. இதை இப்போதே அகற்றினால் அவை தப்பக்கூடும். அன்று என் வேலையை வெறுத்தேன்.

"அம்மா, இதை வேரோட பிடுங்கி எரிக்கோணும். இனி மண் மாத்தாதேங்கோ."

"எரிக்கத்தான் வேணுமோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

பக்கத்து முற்றங்களைத் திரும்பிப் பார்த்தார். "மற்றவையின்ர ரெண்டும் நிக்கட்டும். எரி," என்றுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

நானும் கூட வந்த தொழிலாளியும் மரத்தை வேரோடு குழியில் போட்டுக் கொளுத்தினோம். பிசின் எரிந்த புகை கண்ணைக் கரித்தது. நான் அழுததற்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று.

சப்பாத்து மண்ணைக் கழுவாமல் வேறெங்கும் போகக்கூடாது. தலையெல்லாம் சாம்பல் வேறு. குளித்துவிட்டே போகலாமென்று கிணற்றடியில் வாளியைத் தூக்கியபோது அந்த அம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"தோயாதை பிள்ளை! சுடலைக்குப் போட்டு வாறவைதான் தோயிறவை. என்ர மோன் சாகேல்லை."

வாளியை வைத்துவிட்டேன். சப்பாத்தைக் கழற்றிப் பையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புளியங்குளம் வரும்வரை தலையிலிருந்த சாம்பலை நான் தட்டவேயில்லை.