கொர்பினியானுக்கு அடித்த மணி

கொர்பினியான் செத்துப்போய்விட்டாராம். பேருந்து ஓட்டுபவர் ரொட்டிக்கடையில் சொன்னாராம். கடைக்காரி கெர்லிண்டே அதைத் திங்கட்கிழமை காலை, ரொட்டியைத் தாளில் சுற்றிக்கொண்டே நோட்புர்காவிடம் சொன்னாள்.

"நெசமாவா?"

"பஸ்காரர் போட்டோவையே பாத்தாராம். உங்களுக்குத் தெரியாம இந்த ஊர்ல ஒரு சாவா? மணியே நீங்கதானே அடிக்கணும்!"

நோட்புர்கா சுற்றிய ரொட்டியைக்கூட வாங்காமல் கடையை விட்டு இறங்கினாள். அதற்குக் காரணம் இருந்தது.

முப்பத்தோரு வருஷமாக அவள்தான் அந்த மலையூர்த் தேவாலயத்தின் கோயில்பிள்ளை. கணவர் பார்த்த வேலை. அவர் போனபின் சாமியார் வேறு ஆளைத் தேடவில்லை. பீடத் துணி துவைப்பாள், பனிக்காலத்தில் படிக்கட்டில் உப்புத் தூவுவாள், யாராவது இறந்தால் சின்ன மணி அடிப்பாள். ஆணுக்கு மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி, பெண்ணுக்கு இரண்டு. புல் வாருகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கையில் அவள் ஒருநாளும் தவறியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன வாரம் தொலைக்காட்சிக்காரர்கள் வந்திருந்தார்கள். சிரிப்புப் போலீஸ் தொடர் ஒன்று. அவர்கள் எடுத்த கதையில் பெரிய பாலாடைக்கட்டி வட்டு சரிவில் உருண்டுவந்து ஒரு கிழவரை அடித்துக் கொன்றுவிடுகிறது. கொலையா விபத்தா என்று கண்டுபிடிப்பதற்குள் இன்ஸ்பெக்டர் மூன்று தடவை சாணத்தில் விழவேண்டும். ஊரே வேலியோரம் நின்று சிரித்தது. செத்தவருக்கு நடிகர் கிடையாது. கோயில் வாசல் மரண அறிவிப்புப் பலகையில் முகம் மட்டும் போதும் என்றார்கள். தன் முகத்தைத் தர ஊரில் யார் சம்மதிப்பார்கள்? நோட்புர்காதான் பாடகர் குழுவின் பழைய ஆல்பத்திலிருந்து கொர்பினியானை உருவிக் கொடுத்தாள். பத்தொன்பது வருஷமாக வெல்ஸ் நகரத்தில் இருக்கிற மனுஷர், அவருக்கு எங்கே தெரியப்போகிறது! படத்துக்குக் கீழே வேறு ஏதோ பெயர் போட்டார்கள்.

படப்பிடிப்பு முடிந்து கிளம்பும்போது, போட்டோவை ஒட்டிய குழுப் பெண், "அம்மா, இதை நீங்களே எடுத்துடுறீங்களா?" என்று கேட்டாள்.

"நான் பாத்துக்கறேன், நீ போம்மா."

உயிரோடிருப்பவரைப் பலகையில் ஒட்டினேன், ஆளே போய்விட்டார். இந்த ஒரே நினைப்போடுதான் நோட்புர்கா கோயிலுக்கு ஓடினாள். வழக்கமாக வீட்டார் வந்து சொன்ன பிறகே கயிற்றைத் தொடுவாள். அன்றைக்கு அதற்குப் பொறுமையில்லை. மன்னிப்புக் கேட்பதுபோல மூன்று தடவையும் நிதானமாக அடித்தாள்.

வெளியே வந்தபோது பலகையில் கொர்பினியான் சிரித்துக்கொண்டிருந்தார். எடுக்க மறந்தே போயிருந்தாள். எதிரே பேருந்து நிறுத்தம். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் முகம்தான் தெரியும், எழுத்து தெரியாது.

அவசரமாக அதைக் கிழித்து மடித்தாள். ஆனால் மணியை எப்படித் திரும்ப வாங்குவது?

பக்கத்து வீட்டு வாசலில் கொர்பினியானின் தங்கை பிலோமினா நின்றிருந்தாள். சமையல் ஏப்ரனுக்கு மேலேயே கறுப்புக் கோட்டு. பொத்தான்கள் ஒரு துளை தள்ளி மாட்டியிருந்தன.

"கெர்லிண்டே போன் பண்ணினா. நான் நம்பலடி. நீ மணி அடிச்சதும்தான் நம்பினேன். நீ தப்பா அடிக்கமாட்டியே."

நோட்புர்கா மடித்த தாளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள். பிலோமினாவே பேசினாள். அம்மாவின் அடக்கம் முடிந்த விருந்தில், சூப்பு முடிந்ததும் எழுந்து பாட்டுப்போட்டிக்குப் போனவன் அவன். அன்றோடு பேச்சு நின்றது.

"போன ஈஸ்டருக்குக் கடுதாசி போட்டான். பிரிக்காமத் திருப்பி அனுப்பினேன். என்ன எழுதியிருந்தான்னு இனிமே எனக்கு யாரு சொல்லுவா?"

"பிலோமினா, அவரு சாகல. பஸ்காரர் பாத்தது டிவிக்காரங்க ஒட்டின போட்டோ. நான்தான் குடுத்தேன்."

பிலோமினா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"இல்ல."

"எப்படிச் சாகுறானாம்?"

"பாலாடைக்கட்டி மோதி."

"அவனுக்கு அதோட வாசனையே ஆகாதுடி." சிரிப்பு வந்து, பாதியில் உடைந்து, அழுகையானது. கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "சரி, உசுரோட இருக்கான்னு மட்டும் உனக்கெப்படித் தெரியும்?"

தெரியாது. எண்பத்துநாலு வயது, தனி ஆள். போட்டோ பொய் என்பதுதான் நோட்புர்காவுக்குத் தெரியும்.

"கொன்னவ நீதானே. நீயே போன் போட்டுக் கேளு. என் கண்ணு முன்னால."

பாடகர் குழுவின் முகவரிப் பட்டியலில் அவருடைய வெல்ஸ் எண்ணும் இருந்தது. பிலோமினாவின் சமையலறையில் நின்று நோட்புர்கா ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள். எடுத்தால் என்ன சொல்வது? உங்களைச் சாகடித்துவிட்டேன், உங்கள் தங்கை பக்கத்தில் நிற்கிறாள் என்றா? எடுக்காவிட்டால்?

நாலாவது தடவை அடிக்கும்போது பிலோமினா ரிசீவரைப் பிடுங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள்.

"முழங்கால் வலி அவனுக்கு. மெதுவாத்தான் வருவான்."

"ஆமா, மெதுவா வரட்டும்."

"நீ பேசாதடி, சத்தம் கேக்கல."

நோட்புர்காவும் ரிசீவரோரம் காதைச் சாய்த்தாள். வெல்ஸில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது.