மாத்திரைக்குக் கட்டிய பூ

இலவசமாக எதையாவது நீட்டினால் நான் முதலில் நீட்டுபவர் முகத்தைத்தான் பார்ப்பேன். மயிலாப்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் கவுண்டரில் உட்கார்ந்து வந்த புத்தி அது. அங்கே பஞ்சு வைத்தால் பஞ்சுக்கும் பில் வரும். அப்படிப்பட்ட இடத்தில் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள், பிரஷர் நோயாளிகளுக்கு மாத்திரை சும்மா, ரத்தப் பரிசோதனை சும்மா என்றார்கள். புது மாத்திரை ஒன்றை ஆராய்கிறார்களாம்.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். அதுவரை அவர் என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. நாலு பக்கத் தமிழ்த் தாளைக் கொடுத்தார்.

"இதப் படிச்சுக் காட்டினா யாருக்கும் புரியலம்மா. கையெழுத்துப் போடாம எழுந்து போயிடறாங்க. நீ அவங்க பாஷையில பேசறே. நீயே சொல்லிடு."

தாளைப் படித்தேன். எனக்கும் புரியவில்லை. 'சமவாய்ப்பு முறையில் ஒதுக்கீடு செய்யப்படுவீர்' என்றிருந்தது. புரியக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். டாக்டரைக் குடைந்து குடைந்து விஷயத்தைக் கறந்தேன். பாதிப் பேருக்குப் புது மாத்திரை, பாதிப் பேருக்கு ஏற்கெனவே இருக்கும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். டப்பாவில் நம்பர் மட்டும்தான். யாருக்கு எது என்பதை எங்கோ ஒரு கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டிருக்கிறது.

"உங்களுக்குமா தெரியாது சார்?"

"தெரியக் கூடாதும்மா. தெரிஞ்சா புது மாத்திரை சாப்பிடறவங்கள நான் வேற கண்ணோட பார்ப்பேன்."

நான் நம்பவில்லை. என்ன மாத்திரை என்று தெரியாமல் ஒரு டாக்டர் கொடுப்பாரா? ஆனாலும் சொன்ன வேலையைச் செய்தாக வேண்டும்.

எங்கள் பக்கம் ஒரு வரனை முடிக்கலாமா வேண்டாமா என்று குழம்பினால் அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்போம். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். கண்ணில் படும் ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வோம். எந்தப் பொட்டலத்தில் எது என்று யாருக்கும் தெரியாது. அதையே நோயாளிகளிடம் சொன்னேன். நாலு பக்கத் தாள் நாலு வாக்கியத்தில் முடிந்தது. வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

பட்டினப்பாக்கத்தில் ரோட்டோரம் மீன் விற்கும் அக்கா ஒருத்தி புருஷனோடு வந்தாள். அவன் வாசலிலேயே அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"டெஸ்ட்டுன்னு சொல்லி கிட்னிய எடுத்துப்பானுங்க. வா, போய்க்கினே இருக்கலாம்."

"உன் கிட்னிய எவன் எடுப்பான்? சாராயத்துல ஊறிக்கினு கீது. நீ சொல்லு தங்கச்சி."

"அம்மனாண்ட பூக்கட்டிப் பாக்கறோம் இல்லக்கா, அந்த மாறிதான். உனுக்கு இன்னா மாத்திரைன்னு நானும் சொல்ல முடியாது, டாக்டரும் சொல்ல முடியாது."

"அப்ப அம்மன்தான் எடுத்துக் குடுக்கறா."

"அப்டித்தான் வச்சிக்கயேன்."

அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம் என்பதையும் சொன்னேன். கடைசியில், பேனாவை நீட்டிக்கொண்டே சொன்னேன். மறுநாள் அவள் தலைக்குக் குளித்து, ஈரக் கூந்தலோடு வந்து டப்பாவை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கேன்டீனில் இதைச் சொல்லிச் சிரித்தேன்.

இரண்டு மாதம் போனது. டாக்டர் என்னைப் பார்த்தால் சிரிக்க ஆரம்பித்திருந்தார். "மத்த ஊர்லல்லாம் பாதியில விட்டுடறாங்களாம். நம்மகிட்ட ஒருத்தர்கூட விடல. என்னம்மா மந்திரம் போட்டே?" மருந்துக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஆள் வந்து எனக்கு ஒரு பேனா கொடுத்துவிட்டுப் போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஜனங்கள் தலைவலி விட்டால் அன்றைக்கே மாத்திரையைத் தூக்கி ஜன்னலில் வைப்பவர்கள். ஒருத்தர்கூட விடவில்லை என்றால் எங்கோ தப்பு நடக்கிறது.

அடுத்த முறை ஓ.பி. வரிசையில் அந்த அக்காவின் காலைப் பார்த்தேன். செருப்பைக் கையில் வைத்திருந்தாள். பாதம் வீங்கிப் பளபளத்தது. சேலையைத் தழைய இழுத்து விட்டுக்கொண்டு டாக்டர் அறைக்குள் போனாள்.

"ஏதாவது தொந்தரவு இருக்கா?"

"ஒண்ணியும் இல்ல சார்."

அவர் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். வெளியே வந்தவளை மாடிப்படிக்கு அடியில் இழுத்துப் போனேன்.

"காலு இன்னாக்கா இப்டி கீது?"

"நின்னுகினே மீன் வித்தா வீங்காதா?"

"எவளாண்ட கத வுடற? இத்தினி வருசமா நீ நிக்கலியா?"

அவள் விரலில் சுற்றியிருந்த துணியைக் காட்டினாள். "தல கிறுகிறுன்னு சுத்துது. நேத்து வஞ்சிரம் அரியசொல்லோ கை வயுக்கிச்சு."

"டாக்டராண்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவாரு. அவ எடுத்துக் குடுத்தத வுட்டா சும்மா இருப்பாளா? என் பொண்ணு முழுகாம கீறா தங்கச்சி. எனுக்கு இன்னா ஆனாலும் சரி."

நேராக டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் பேனா மூடியைத் திறக்கவில்லை.

"பேஷண்டே சொல்லணும்மா. நீ சொல்லி நான் எழுத முடியாது. அவங்களுக்கு இன்னும் ரெண்டு விசிட்தான் பாக்கி."

அது சட்டமா, சௌகரியமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சௌகரியம் என்றுதான் நினைக்கிறேன். கூப்பிட்டுக் காலைப் பார்க்க எந்தச் சட்டம் தடுத்தது?

மறுநாள் காலையில் பட்டினப்பாக்கம் போனேன். அவள் சங்கரா மீனைக் கூறு கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்.

"அது பூ இல்லக்கா. அம்மன் எடுக்கல. மிசினு எடுத்தது. உனுக்குப் புரியட்டும்னு நான்தான் அப்டி சொன்னேன்."

பக்கத்துக் கூடைக்காரி சிரித்தாள். "இன்னாடி இது, ஆஸ்பத்திரிக்காரி அம்மனுக்கும் ஏஜென்டா?"

அக்கா சிரிக்கவில்லை. கையைக் கழுவினாள்.

"எனாண்ட சொன்னா ஆச்சா? அவ பேர சொல்லித்தான குடுத்த. அவளாண்ட வந்து சொல்லு."

தெருமுனைக் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். பூசாரி விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தார். அவர் காதுபடவே சொல்லச் சொன்னாள். சொன்னேன். "உன்னக் கேட்டு யாரும் எடுக்கல. நான் பேசினது பொய். இவ மேலயும் இவ பொண்ணு மேலயும் கொற வெக்காத." என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது. அவள் திருநீறு எடுத்துப் பூசிக்கொண்டாள். எனக்குக் கொடுக்கவில்லை.

அன்றைக்கே டோக்கன் இல்லாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்து டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"எனுக்கு வாணாம் சார். காலப் பாரு."

அவர் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. அதன் பிறகுதான் பேனா மூடியைத் திறந்தார். ஆராய்ச்சியிலிருந்து பேரை எடுத்து வேறு மாத்திரை எழுதினார். அவள் அதுவரை தின்றது புதுசா பழசா என்று எனக்குக் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

மற்றவர்களையும் வரிசையில் ஒவ்வொருவராகப் பிடித்தேன். நிறுத்திக்கொள்ளலாம் என்பதை முதலில் சொன்னேன். பூப் பேச்சையே எடுக்கவில்லை. சிலர் விட்டார்கள். சிலர் என்னை ஏசிவிட்டுத் தொடர்ந்தார்கள். டாக்டர் விசாரித்தார். நான்தான் சொன்னேன் என்றேன். அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். பழைய நாலு பக்கத் தாளே திரும்பி வந்தது.

அக்காவின் வீக்கம் வடிந்தது. மாதம் ஒரு முறை வந்துகொண்டிருந்தாள். என் கவுண்டர் காலியாக இருந்தாலும் வரமாட்டாள். அடுத்த கவுண்டரில் எத்தனை பேர் நின்றாலும் அந்த வரிசையில்தான் நிற்பாள். அங்கே நின்றபடி, தனக்குப் பேத்தி பிறந்திருப்பதை முன்னால் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்டது.