சேற்றில் நின்ற ஜாமீன்

களமருதூரில் ஆதிமூலம் என்று கேட்டால் எந்த ஆதிமூலம் என்பார்கள். நடவாள் ஆதிமூலம் என்றால் உடனே வீட்டைக் காட்டுவார்கள். எண்பத்தோரு வயதில் அவர் இறந்தபோது அடித்த போஸ்டரில் அந்தப் பட்டத்தைப் போட மகன் தீனதயாளன் விடவில்லை. நாற்று நடுவது பெண்கள் வேலை. ஆம்பளைக்கு அந்தப் பெயர் அழகில்லை என்று நினைத்தான். ஆதிமூலத்துக்கு அதில் வெட்கம் இருந்ததில்லை. யார் அப்படிக் கூப்பிட்டாலும் நின்று இன்னா என்று கேட்பார்.

அவருக்கு இருந்தது ஒரு காணி கழனி, ஒரு கிணறு. கிணற்றை அவரும் மனைவி அமிர்தமும் நான்கு கோடையில் வெட்டினார்கள். கல்யாணமான புதிதில் வெள்ளிமலைச் சந்தைக்குப் போய் ஒரு ஜோடி எருது வாங்கி, கல்வராயன் மலையிலிருந்து மூன்று நாள் நடந்தே ஓட்டி வந்தார். வழியில் ஒரு மாடு கால் தாங்கியது. வாங்கிய இடத்துக்குத் திரும்பிப் போகாமல் அதன் வேகத்துக்குத் தானும் நடந்தார். அதிகம் பேசமாட்டார். அமிர்தம் விடியுமுன் களையெடுக்கப் போன நாட்களில் மகள் விஜயலட்சுமிக்கு ரெட்டை ஜடை பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். ஒரு ஜடை எப்போதும் மேலே தூக்கிக்கொண்டிருக்கும்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த அன்று, தங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டு ஏழு நாள் சாலை மறியல் தொடங்குவதாக இருந்தது. ஆதிமூலத்துக்கு அதில் முழு சம்மதம். தீனதயாளன் நல்ல மார்க் வாங்கி இன்ஜினியரிங்குக்கு மனுப் போட்டான். இடம் கிடைக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் ஒரு ஷெட்டில் லாரி டயர் கழற்றிக்கொண்டிருந்தான். இட ஒதுக்கீடு வந்தால் அடுத்த பிள்ளைக்காவது ஆகும் என்று ஆதிமூலம் கூட்டங்களுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டு வந்தார்.

ஆனால் மறியலுக்கு முதல் நாள் அவர் ஒரு காரியம் செய்தார். நாற்றங்காலில் இருந்த பொன்னி நாற்று முழுவதையும் ஆள் விட்டுப் பறித்து, கட்டுக் கட்டாக முடி கட்டி, வாய்க்கால் தண்ணீரில் அடுக்கிவிட்டார். கழனி உழுது, பரம்பு ஓட்டி மட்டமாக்கித் தயாராக இருந்தது. மறுநாள் நடவு.

"நாளைக்குத் தான மறியலு?" என்றாள் அமிர்தம்.

"மறியலு ரோட்ல. கழனியிலயா?"

அமிர்தத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. நடவு நடும் பெண்கள் காலனியிலிருந்து வரவேண்டும் என்பதும், காலனி ரோட்டுக்கு அந்தப் பக்கம், கழனி இந்தப் பக்கம் என்பதும் இருவருக்கும் தெரியாததல்ல. இருபது வருஷமாகத் தினம் தாண்டும் ரோடு. அதைத் தாண்ட முடியாமல் போகும் என்று தோன்றவில்லை.

மறியல் தொடங்கிய வியாழக்கிழமை காலையில், வெட்டிச் சாய்த்த ஆறு புளியமரங்கள் ரோட்டின் குறுக்கே கிடந்தன. ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் மரங்களின் நடுவே உட்கார்ந்திருந்தார்கள். ஆதிமூலமும் உட்கார்ந்தார். நடவுக்கு யாரும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை முடிகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கை வைத்தால் சூடாக இருந்தது. நுனி பழுக்கத் தொடங்கியிருந்தது. பறித்த நாற்று இன்னும் ஒரு நாள் தாங்கும், மிஞ்சினால் ஒன்றரை நாள். மறுபடி விதை விட்டு நாற்றாக்க ஒரு மாதம் ஆகும். அதற்குள் மழை பிடித்துவிடும். அந்த வருஷம் சோறு இல்லை என்பதுதான் அதற்கு அர்த்தம்.

ரோட்டில் எல்லாவற்றையும் முன்னின்று நடத்தியவன் தங்கமணி, அமிர்தத்தின் தம்பி. அவனிடம் போனார்.

"பத்து பொம்பளைங்க. தாண்டிப் போய் நட்டுட்டு வந்துடுவாங்க."

"இன்னா மாமா நீ? ஊரே குந்திக்கினு கெடக்குது, ஒனக்கு நடவா? இன்னிக்கு உனுக்கு விட்டா நாளைக்கு பஸ்ஸுக்கு விடச் சொல்லுவானுங்க."

ஆதிமூலம் ரோட்டைத் தாண்டிக் காலனிப் பக்கம் போனார். அந்த வருஷம் சில ஊர்களில் மறியல்காரர்களால் காலனிக் குடிசைகள் எரிந்ததாகச் சேதி வந்திருந்தது. தெருவில் யாரும் இல்லை. முனையில் நின்று, "காசியம்மா" என்று குரல் கொடுத்தார்.

காசியம்மாள் நடவுக்கு ஆள் சேர்ப்பவள். அவள் வரிசை பிடித்தால் கயிறு கட்டியது போல இருக்கும். கதவைப் பாதி திறந்து நின்றாள்.

"வரமாட்டோம் படையாச்சி."

"நாத்து பறிச்சிட்டேன்."

"தெரியும். யாரு பறிக்கச் சொன்னது? உங்க ஆளுங்க கோடாலி வச்சிக்கினு நிக்கிறாங்க. மரத்துக்கு மட்டுந்தான்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?"

"நான் இருக்கேன்."

"எங்க இருப்பீங்க?"

"வரப்புலயே நிப்பேன். கடைசி வரைக்கும்."

காசியம்மாள் சிரித்தாள். அவளுக்குப் பின்னால் இருட்டில் இன்னும் யாரோ சிரித்தார்கள்.

"வரப்புல நின்னா ஓடிடுவீங்க. சேத்துல நின்னாத் தான் ஓட முடியாது. எங்களோட வரிசையில எறங்கி நடுங்க. நட்ட நடுவுல. எவனாவது வந்தா உங்களத் தாண்டித்தான் எங்க மேல கை வைக்கணும். சம்மதம்னா விடிகாலையில வந்து முன்னால நடங்க."

 ஆம்பளை நாற்றுப் பறிப்பான், முடி சுமப்பான், வீசுவான். குனிந்து நடமாட்டான். அது எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் அந்தச் சுற்று வட்டாரத்தில் யாரும் செய்து பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அமிர்தத்திடம் சொன்னார். அவள் உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "எந்தக் கையில நாத்து புடிப்பாங்கன்னாவது தெரியுமா?"

சனிக்கிழமை விடிந்ததும் அவர் முன்னால் நடந்தார். பின்னால் காசியம்மாள், இருசம்மாள், இன்னும் எட்டுப் பெண்கள். ரோட்டில் பாதிப்பேர் தூக்கத்திலிருந்தார்கள். தங்கமணி காப்பி குடிக்க வீட்டுக்குப் போயிருந்தான். விழித்திருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் ஆதிமூலமும் பெண்களும் மரங்களைச் சுற்றிக் கடந்து கழனியில் இறங்கிவிட்டார்கள். அமிர்தம் அங்கே முன்பே முடிகளை வீசி வைத்திருந்தாள்.

காசியம்மாள் தனக்கும் இருசம்மாளுக்கும் நடுவில் அவருக்கு இடம் விட்டாள். நட்டுக்கொண்டே பின்னால் போக வேண்டும். அவர் நட்ட நாற்று பாதி தண்ணீரில் மிதந்தது. மீதி கழுத்து வரை புதைந்தது.

"கொளம் வெட்றீங்களா, நடுறீங்களா?" என்றாள் இருசம்மாள்.

"வெரல் மொதல்ல எறங்கணும் படையாச்சி. நாத்து அப்புறம். பச்சப் புள்ளைய தொட்டில்ல போட்ற மாதிரி" என்றாள் காசியம்மாள்.

அது அவருக்குப் பிடிபட்டது. பிள்ளையைத் தொட்டிலில் போட்டவர்தான். ஆனால் வேகம் வரவில்லை. பெண்கள் இருபுறமும் நட்டு முடித்து வெகுதூரம் பின்னால் போய்விட்டார்கள். கோடியில் இருசம்மாள் வேண்டுமென்றே அவர் பங்கின் குறுக்கே நான்கு வரிசை நட்டு வழியை அடைத்தாள். பின்தங்கியவரை இப்படிக் கோட்டைக்குள் மாட்டிவிடுவது அவர்கள் விளையாட்டு. நிமிர்ந்து பார்த்தபோது நான்கு பக்கமும் புது நாற்று. நடுவில் கோவணத்தோடு அவர்.

அந்த நேரத்தில்தான் தங்கமணி நான்கு பேரோடு வரப்பில் வந்து நின்றான். ஒருவன் தோளில் கோடாலி இருந்தது. பெண்கள் குனிந்தபடியே கையை நிறுத்தினார்கள்.

"வெளிய வா மாமா."

ஆதிமூலம் சுற்றிலும் பார்த்தார். "எப்டிப்பா வர்றது? நாத்த மிதிச்சிக்கினா?"

"அப்ப நாங்க வர்றோம்."

தங்கமணி வேட்டியை மடித்துக் கட்டி ஒரு காலைத் தூக்கினான். கீழே அப்போதுதான் நட்ட நாற்று, தண்ணீரில் தலை மட்டும் தெரிய ஆடிக்கொண்டிருந்தது. அவனும் ஆறு வயதிலிருந்து கழனியில் வளர்ந்தவன். தூக்கிய கால் அப்படியே இருந்தது. ஒரு நிமிஷம் கொக்கு போல நின்றான். பிறகு காலை வரப்பிலேயே வைத்தான்.

"நாத்து மேல கால வச்சிடாதடா, பாவி" என்றாள் அமிர்தம், தேவையில்லாமல்.

 கோடாலி வைத்திருந்தவன் அதைத் தோள் மாற்றினான். முதலில் காசியம்மாள்தான் குனிந்து அடுத்த முடியைப் பிரித்தாள். மற்றவர்களும் தொடங்கினார்கள். வந்தவர்கள் வரப்பிலேயே உட்கார்ந்தார்கள். காவலுக்கா பகைக்கா என்று அவர்களுக்கே தெரியாத மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் தங்கமணி, "மாமா, ஒனக்கு எடது பக்கம் கோணிக்கினு போவுது" என்றான்.

பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒதுக்கீடு இரண்டு வருஷம் கழித்து வந்தது. தீனதயாளனுக்கு அது உதவவில்லை. ஷெட்டிலேயே நிலைத்து, பிறகு சொந்தமாக ஒன்று வைத்தான். விஜயலட்சுமிக்கு உதவியது. நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துக் கள்ளக்குறிச்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். அவளை முதல் நாள் பஸ் ஏற்றிவிட வந்த ஆதிமூலம், பஸ் போன பிறகும் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். அவர் நட்ட அந்த ஒரு பங்கு மட்டும் அந்த வருஷம் தையில் கோணலாகவே விளைந்தது. கதிர் குறையவில்லை. வருஷா வருஷம் நடவுக்கு அவரும் இறங்கினார். ஊர் சிரித்தது. அமிர்தம் மட்டும் அவர் கைக்கு வேகம் வந்ததைக் கவனித்தாள்.

அந்தச் சனிக்கிழமை நடவு முடிய வெயில் சாய்ந்துவிட்டது. கடைசி முடியும் தீர்ந்தது. காசியம்மாள் சொன்னபடி திரும்பும்போதும் அவர்தான் முன்னால் நடந்தார். முழங்கால் வரை சேறு. முதுகு நிமிரவில்லை. ரோட்டில் ஊரே உட்கார்ந்திருந்தது. பெண்கள் ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

பாதி ரோடு தாண்டும்போது யாரோ எழுந்தார்கள். பெண்கள் நின்றுவிட்டார்கள். எழுந்தது கொளஞ்சியப்பன், ரெண்டு காணிக்காரர், ஊரில் பெரியவர். வெட்டிய மரத்தின் மேல் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தவர். அவர் நாற்றங்காலிலும் நாற்று முத்திக்கொண்டிருந்தது. தங்கமணியைப் பார்த்தார். தங்கமணி வேறு பக்கம் பார்த்தான்.

"காசியம்மா, நாளைக்கு எங்குளுது நடவுக்கு வருவீங்களா?"

காசியம்மாள் அவரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். வெள்ளை வேட்டி, துண்டு, கையில் வெற்றிலைப் பெட்டி.

"நீங்களும் எறங்குவீங்களா?"

கொளஞ்சியப்பன் தொண்டையைச் செருமினார். சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"எத்தினி மணிக்கு வரணும்?" என்றார்.