கதவைத் திறக்காத நாவல்

நாற்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு நாவல் வந்தது. அதுவரை கவிதையில் ஒரு காலும் உரைநடையில் ஒரு காலும் வைத்து நின்றுகொண்டிருந்தவன் நான். இரண்டு பக்கத்தைத் தாண்டி எதையும் எழுதியதில்லை. திடீரென்று தி. நகர் சந்து ஒன்றில் தையல் கடை வைத்திருக்கும் ஒருத்தி எனக்குள் உட்கார்ந்து மிஷினை மிதிக்கத் தொடங்கினாள். மழை, வெயில், தெருவை மறித்து வைத்த தகரத் தடுப்பு, எதற்கும் நிறுத்தவில்லை. நான் பின்னாலேயே ஓடி எழுதினேன்.

பதிப்பாளர்கள் அன்பாகப் பேசினார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். புத்தகம் மட்டும் போடவில்லை. கடைசியில் ராயப்பேட்டை அச்சகக்காரர் ஒருவர்தான் வழி சொன்னார்: முன்வெளியீட்டுத் திட்டம். புத்தகம் வருவதற்கு முன்பே வாசகர்கள் விலையைக் கட்டிவிட வேண்டும். முந்நூறு பிரதிக்கு ஆள் சேர்ந்தால் அச்சு. சேராவிட்டால் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாவலைப் பெட்டிக்குள் வைக்க வேண்டியதுதான்.

கோடம்பாக்கத்தில் பல வருடமாக இணை இயக்குநராக இருக்கும் என் நண்பன், பெசன்ட் நகர் கடற்கரையில் என்னை நிறுத்திப் போனில் வீடியோ எடுத்தான். "மச்சி, கதையச் சொல்லு. ஆனா கொஞ்சமா சொல்லு" என்றான். கொஞ்சமாகச் சொல்ல எனக்கு வராது. கவிதை எழுதிப் பழகியவனுக்குக் கடைசி வரிதான் உயிர். காற்று வேறு என்னைக் கிளப்பிவிட்டது. நாவலின் கடைசிக் காட்சியையே சொல்லிவிட்டேன். விட்டுவிட்டுப் போன கணவன் பல வருடம் கழித்து ஒரு மாலையில் வந்து கதவைத் தட்டுகிறான். யாரென்று அவளுக்குத் தெரியும். திறக்கவில்லை. மிஷின் சத்தம் மட்டும் கேட்கிறது. அவ்வளவுதான் நாவல். நண்பன் கண் கலங்கிப்போய், ஒரு இடத்திலும் வெட்டாமல் அப்படியே இணையத்தில் ஏற்றினான். சினிமாக்காரன், முடிவை முதலிலேயே சொல்லக் கூடாதென்று அவனுக்காவது தோன்றியிருக்க வேண்டும்.

முடிவு தெரிந்த கதையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயம்தான். ஆனால் மற்றவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. சண்டைக்கு வந்தார்கள்.

பட்டினப்பாக்கத்தில் நான் ஞாயிறுதோறும் மீன் வாங்கும் அக்கா, மகளின் போனில் வீடியோவைப் பார்த்திருந்தார். காலேஜ் படிக்கும் மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு பிரதிக்குப் பணம் போட்டுவிட்டு நிபந்தனையும் சொன்னார். "இன்னா பொம்பள நைனா அவ? வந்து நிக்கறது யாருன்னு தெரியுதில்ல? தொறந்து நாலு கேள்வி கேக்க வேணாமா? மாத்து."

மயிலாப்பூர் மாமி ஒருவர், எங்கள் பழைய வீட்டுக்காரர், பஜனைத் தோழிகளுக்கும் சேர்த்து ஐந்து பிரதி சொன்னார். அவருக்கும் கதவு திறக்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்க அல்ல. "ஆத்து வாசல்ல வந்து நிக்கறவனுக்கு ஒரு வாய் காப்பி கூடவா கிடையாது?" என்றார். அடையாற்றிலிருந்து முகம் தெரியாத ஒரு பெண், கதவு திறந்தால் தன் பணம் திரும்பி வர வேண்டும் என்று எழுதினார். சண்டை வளர வளர ஆளும் சேர்ந்தது. முந்நூறை நெருங்கிவிட்டோம். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் திறக்கச் சொல்லும் கட்சி.

ஆசை யாரை விட்டது? ஒரு மத்தியானம் உட்கார்ந்து கதவைத் திறந்துபார்த்தேன். அவள் எழுந்தாள். மிஷின் நின்றது. நாவல் முழுக்க ஒருமுறைகூட நிற்காத மிஷின். அந்த அமைதியில் அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை, எனக்கும் ஒரு வார்த்தை வரவில்லை. எழுதியதை அழித்துவிட்டு அறிவித்தேன்: கதவு திறக்காது, பணம் வேண்டுவோர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

மாமி நான்கு பிரதிக்குப் பணத்தை வாங்கிக்கொண்டார். ஒன்றை மட்டும் விட்டுவைத்தார், மனசு மாறி அவள் எங்கேயாவது திறக்கிறாளா என்று பார்க்க. பட்டினப்பாக்கத்துக்கு நானே போனேன். அக்கா வஞ்சிரத்தை நறுக்கிக்கொண்டே, நான் சொன்னதை நிமிராமல் கேட்டுக்கொண்டார். பணத்தை நீட்டினேன்.

"உள்ள வை நைனா. புடிக்கலன்னா திட்றதுக்காவது புக்கு வேணும்ல?"

அவரைப் போலவே நினைத்தவர்கள் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். விலகியவர்கள் சொற்பம். எதற்கு இத்தனை ரகளை என்று பார்க்க வந்து சேர்ந்தவர்கள் அதைவிட அதிகம். முந்நூறு தாண்டிவிட்டது. அச்சகக்காரர் போன் செய்து தாள் வாங்கியாயிற்று என்றபோது நான் லஸ் முனையில் நின்றுகொண்டிருந்தேன். தெரியாத ஒருவரைப் பார்த்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

புத்தகம் வந்ததும் அக்காவுக்கு நேரிலேயே கொடுத்தேன். மகள் ஒரு வாரம் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு போனபோது, மீனை எடைபோடாமல் என்னையே பார்த்தார்.

"அவள உட்டுட்டுப் போன அந்த ஆளு ஊடு எங்க கீது?"

அப்படி ஒரு ஆளே இல்லை, கற்பனை என்றேன்.

"சும்மா சொல்லாத. அவ கேக்கலன்னா போறா. நான் போய் கேட்டுக்கினு வரேன்."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் பொறுமை இழந்துகொண்டிருந்தார்கள். வடபழனிப் பக்கம் என்று சொல்லிவைத்தேன். தராசில் சங்கராவை அள்ளிப் போட்டுக்கொண்டே, எந்தத் தெரு என்று கேட்டார்.