பட்டாபிராமன் வீட்டுக்குள் ஒரு வைரஸ்

குரோம்பேட்டையில் என் எதிர்வீட்டுக்காரர் பட்டாபிராமன். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் வாசல் குழாயில் கை கழுவிவிட்டுத்தான் மணியை அடிக்க வேண்டும். அடித்த பிறகு மறுபடியும் கழுவ வேண்டும், மணியை ஊரே தொடுகிறதாம். கொரோனா போய் இத்தனை காலமாகியும் பால் பாக்கெட்டுக்குச் சோப்புப் போடுவதை மனிதர் நிறுத்தவில்லை. யாராவது தும்மினால் பேச்சைப் பாதியில் விட்டு உள்ளே போய்விடுவார். உயிர் மேல் அப்படி ஓர் ஆசை என்று தெருவே கிண்டலடிக்கும். நானும்தான்.

அவருக்குக் குடலில் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்தும் கல்லீரலில் மறுபடி தலைகாட்டியது. இனி மிச்சமிருப்பது ஆய்வில் உள்ள மரபணு சிகிச்சை ஒன்றுதான் என்றார்கள். அவரையும் அவர் மனைவி காமு மாமியையும் நான்தான் காரில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் வினிதா பொறுமையாகச் சொன்னார். "செல் கண்டபடி பெருகாம தடுக்கிற ஜீன் உங்க கட்டியில கெட்டுப்போயிருக்கு சார். நல்ல ஜீனை உள்ள அனுப்பணும். அதைச் சுமந்துட்டுப் போறது ஒரு வைரஸ்."

பட்டாபிராமன் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "என்ன வைரஸ்?"

"சாதாரண சளி வைரஸ். நோய் குடுக்காதபடி மாத்தியிருக்காங்க."

"அது வரக்கூடாதுன்னுதானே கதவைச் சாத்திண்டு உக்காந்திருந்தேன். நீங்க ஊசியிலயே ஏத்தறேங்கறேள். வேண்டாம் டாக்டர்."

எனக்கு வந்ததே கோபம். "கட்டியை விட சளி பெரிசா சார்?" என்றேன்.

அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. டாக்டரிடம் குரலைத் தாழ்த்தினார். "இவளுக்கு ஆஸ்துமா. சளி பிடிச்சா மூச்சு விட முடியாம தவிச்சுப் போயிடறா. என்கிட்டேருந்து இவளுக்கு ஒட்டிண்டுதுன்னா?"

இத்தனை வருடச் சோப்பும் யாருக்காக என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மாமிக்கும் அப்போதுதான். தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கையெழுத்துப் போடுங்கோ" என்றார்.

"பரவ வாய்ப்பு ரொம்பக் கம்மி. கொஞ்ச நாள் மாஸ்க் போட்டுக்கிட்டா போதும்" என்றார் டாக்டர்.

மருந்து ஏறியது. கட்டி அடங்குமா என்பது ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். வீடு திரும்பியவர் பின்னறையில் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மத்தியானம் நான் இளநீரோடு போனபோது, மாமி இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, தலையணையோடு அந்தக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"உள்ளே வராதே காமு."

"கல்யாணம் ஆனதுலேருந்து உங்களையே தாங்கிண்டிருக்கேன், வைரஸ் எம்மாத்திரம். நகருங்கோ."

"இன்னொரு மாஸ்க் போட்டுக்கோ" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்தார்.