அப்பாவுக்கு ஒரு தங்கை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன, வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அம்மாவுக்கு ஏற்கெனவே முட்டிவலி, அவரைத் தூக்கி உட்காரவைக்க அவளால் முடியாது. நான் வேலூரில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன், அண்ணன் சேலத்தில். இருவரும் மாறி மாறி லீவு போட்டுத் திருவண்ணாமலைக்கு ஓடினோம். லீவு தீர்ந்ததும் அண்ணன் ஒரு முடிவு சொன்னான்.

“அப்பாவ நான் கூட்டிட்டுப் போறேன். அம்மாவ நீ வச்சுக்கோ.”

பாத்திரம் பண்டம் பிரிப்பதுபோல் சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள அவன் வீட்டிலும் இடமில்லை, என் வீட்டிலும் இல்லை. கார்த்திகை தீபத்துக்குள் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் ஆளுக்கொருவர் என்று பேசி முடித்தோம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை.

பால்காரரிடம் சொல்லிவைத்தேன், பூக்காரம்மாவிடம் சொல்லிவைத்தேன். முதலில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஓர் ஆள் வந்தார். அப்பா தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், யாரையும் நம்பாமல் இருப்பதற்கே சம்பளம் வாங்கியவர். அந்த ஆளின் பார்வையே சரியில்லை என்று குழறலாகச் சொல்லி அனுப்பிவிட்டார். அடுத்து வந்த சின்ன வயதுப் பெண்ணை அம்மாவே சாயந்திரம் பஸ் ஏற்றிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். “சிரிப்பு ஜாஸ்தி” என்றாள். எனக்கு இரண்டு பேரையும் சேர்த்து நாலு அறை விடலாம் போலிருந்தது.

ஐப்பசியில் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. புருஷன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கல்யாண வயதில் ஒரே மகள், அவளைப் புருஷனுடைய சொந்தக்காரர்கள் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். நிலக்கடலை மூட்டை தூக்கிய கை, அப்பாவை ஒரே மூச்சில் நிமிர்த்திவிடும் என்று பார்த்தாலே தெரிந்தது. அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்னியப் பொம்பளை தன்னைக் குளிப்பாட்டக் கூடாதாம்.

அப்போதுதான் அம்மா களத்தில் இறங்கினாள். வந்தவருக்குக் காப்பி கொடுத்து எதிரில் உட்காரவைத்து, எந்தத் தெரு, அப்பா வழியில் யார், அம்மா பிறந்தது எங்கே என்று தோண்ட ஆரம்பித்தாள். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் காப்பி குடித்து முடிப்பதற்குள் எப்படியும் ஓர் உறவுமுறை கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கேயும் அகப்பட்டது. அம்மாவின் பெரியம்மாவுடைய ஓரகத்தி மகள்தான் அவர். அதாவது அம்மாவுக்குத் தங்கை முறை.

அம்மாவின் முகம் சுருங்கியது. தனக்குத் தங்கை என்றால் அப்பாவுக்கு மச்சினி ஆகிவிடுமே! மச்சினி கையால் குளித்தால் ஊர் என்ன சொல்லும்? அதைவிட, அம்மாவின் மனசு என்ன சொல்லும்?

“அது ரொம்ப தூரம், வுடு” என்று தன் வழியை ஒரேயடியாக வெட்டிவிட்டு, மறுபடி தோண்டினாள். கடைசியில், அப்பாவின் சித்தியும் இந்த அம்மாவைப் பெற்றவரும் சின்ன வயதில் ஒரே தெருவில் விளையாடினார்களாம்.

“அப்ப அக்கா தங்கச்சி மாதிரிதான? உங்கம்மா இவருக்குச் சித்தி முறை. நீ தங்கச்சி!”

அந்த அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு கட்டிலருகே போய், “எழுந்திரிண்ணே, தண்ணி ஆறிடும்” என்றார். அப்பா வலது கையை நீட்டினார்.

இப்படியாக எனக்கு ஓர் அத்தை கிடைத்தார். தெருவிலும் அம்மா அப்படியே சொல்லிவைத்தாள். தங்கைக்குச் சம்பளம் என்று கொடுத்தால் நன்றாகவா இருக்கும்? நான் அனுப்பும் பணத்தைத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்து மாதாமாதம் சீர் மாதிரி கொடுத்தாள். அத்தை அதைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டதுதான் பெரிய விஷயம். தீபம் போயிற்று, பொங்கல் போயிற்று. அண்ணன் மட்டும், “இது எத்தன நாளைக்கு?” என்று ஒவ்வொரு தடவையும் சேலம் பேச்சை எடுப்பான்.

மாசியில் அத்தையின் மகளுக்கு வேங்கிக்காலில் மாப்பிள்ளை அமைந்தது. ஊருக்குப் போய்த் திரும்பிய அத்தை அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதார்.

“அடுத்தவங்க ஊட்ல வேலை செய்யறவ பொண்ணு வேணாம்னு சொல்லிடுவாங்கன்னு பயந்து, ஒடம்பு முடியாத எங்க அண்ணன் ஊட்ல இருக்கேன்னு சொல்லிட்டேன் அண்ணி. இப்ப அண்ணன் வந்து பொண்ணுக்குப் பட்டம் கட்டட்டும்னு கேக்கறாங்க.”

கல்யாணத்தில் மணப்பெண்ணுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, நெற்றியில் பட்டம் என்கிற தகட்டைக் கட்டுவது தாய்மாமன் உரிமை. அவர் வராவிட்டால் அண்ணன் வீடு என்றது பொய் என்று தெரிந்துவிடும். மகளின் சம்பந்தம் முறியாமல் இருக்க அத்தை எங்கள் வீட்டு வேலையை விட்டே ஆக வேண்டும், அப்பா சேலம் போக வேண்டும், அம்மா வேலூர் வர வேண்டும். அப்பாவோ படுத்ததிலிருந்து வாசல் தாண்டியதில்லை. கோணிய வாயை நாலு பேர் பார்ப்பதை நினைத்தாலே அவருக்கு உயிர் போகும்.

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம். அப்பா கூரையைப் பார்த்தபடியே, “சீல எடுங்க” என்றார். பிறகு, “நல்ல சீல” என்றார்.

வைகாசியில் ஒரு அம்பாசிடர் பேசி, அப்பாவைப் பின்சீட்டில் சாய்த்துக் கீழ்பென்னாத்தூருக்குக் கொண்டுபோனோம். வேண்டாம் என்று கடைசிவரை சண்டை போட்ட அண்ணன்தான் அவரைத் தூக்கிப் பந்தலில் நாற்காலியில் உட்காரவைத்தான். மணப்பெண் அவர் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தாள். பட்டத்தை அப்பாவின் வலது கையில் கொடுத்தார்கள்.

அதைத் தலைக்குப் பின்னால் நூல் கட்டி முடிய வேண்டும். ஒற்றைக் கையால் எப்படி முடிவது? எங்களில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை! அப்பா நெற்றியில் வைப்பார், நழுவும், மறுபடி வைப்பார். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அத்தை பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நேராகப் போய் அப்பாவின் இடது பக்கத்தில், அவருடைய விழுந்துபோன கை இருந்த பக்கத்தில் நின்றாள். ஒரு நூலை அவருடைய வலது கை விரலில் கொடுத்தாள், இன்னொரு நூலைத் தான் பிடித்தாள். “இழுங்க” என்றாள். அவர் ஒரு கை, இவள் ஒரு கை. முடிச்சு இறுகியது.

அப்பா அழுதார். கண்ணீர் கோணிய கன்னத்தில் இறங்கியது. அம்மா அத்தனை பேர் முன்னாலும் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். வெளியிடத்தில் அம்மா அப்பாவைத் தொட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

மேளம் மறுபடி தொடங்கியது. அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் காதருகே குனிந்தான்.

“இனிமே சேலம் போறதப் பத்தி யாராவது பேசினீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும்” என்றான்.